மணியை வண்டியில் ஏற்றும் வேலை

பெட்ரோல் வாடையும் பிலிம் சுருளின் நெடியும் நனைந்த நாயின் வீச்சமும் கலந்து ஒரு வாசனை உண்டு. எனக்குக் கோடை விடுமுறை என்றால் அதுதான். அப்பா, ஊர் ஊராகப் போய் விவசாயப் படம் காட்டும் சர்க்கார் வேனின் டிரைவர். ஊர்க்காரர்களுக்கு அது "படவண்டி". உள்ளேயே இரண்டு பலகைக் கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர்க் கூஜா எல்லாம் உண்டு. அப்பா, படம் ஓட்டும் ஆபரேட்டர் மாமா, காவலுக்கு எங்கள் நாய் மணி, மூவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினால் "கேம்ப்" முடிந்து திரும்பப் பத்து நாளாகும்.

பத்து வயதில் எனக்கு அந்த வண்டியில் போவதைத் தவிர வேறு ஆசையே இல்லை. அம்மாவோ, "பொம்பளப் புள்ளைக்குக் கேம்ப்புல என்னங்க வேலை?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். என் அதிர்ஷ்டம், அந்தப் பங்குனியில் மணி பின்னங்காலில் அடிபட்டு நொண்ட ஆரம்பித்தது.

"மணிய ஏத்தி இறக்க ஆள் வேணாமா? நான் ஸ்டியரிங்கப் பிடிப்பேனா, நாயப் பிடிப்பேனா?" என்றார் அப்பா. அம்மா மறுபேச்சு சொல்வதற்குள் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. மணியின் முன்னங்கால்களைப் படியில் வைத்து, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்குவேன். இறக்கும்போது அது குதித்துவிடாமல் மார்பை அணைத்துக்கொள்வேன். ஜீயபுரத்தில் அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடியது.

மருங்காபுரியில்தான் வந்தது வினை. அப்பாவும் மாமாவும் திரை கட்டப் போயிருந்த நேரம், ஓர் ஆடு வண்டிக்குள் தலையை நீட்டியது. மரத்தடியில் படுத்திருந்த மணி ஒரே தாவலில் உள்ளே ஏறி நின்று குரைத்தது. கால் எப்போதோ சரியாகிவிட்டிருக்கிறது! அப்பாவுக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். அவசரமாக அதை இறக்கி, அவர்கள் வந்ததும் மூச்சுவாங்க முக்கி முனகி மறுபடி ஏற்றினேன். "இவ இல்லேன்னா இந்த நாயோட கதி என்னய்யா?" என்றார் அப்பா. மனம் உறுத்தியது; ஆனாலும் அடுத்த மூன்று கோடைக்கும் மணியை நான்தான் ஏற்றினேன்.

இப்போது படவண்டியும் இல்லை, திரைக்கு முன்னால் மண்ணில் உட்காரும் கூட்டமும் இல்லை. மணி போய், அப்பாவும் போய், எனக்கே தலை நரைத்துவிட்டது. போன மாதம் திருவானைக்காவல் கோயில் வாசலில் ஆபரேட்டர் மாமாவைப் பார்த்தேன். அந்தப் பழைய திருட்டுத்தனத்தைப் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்கப்பாவுக்குத் தெரியும்மா. நீ பள்ளிக்கூடம் போற நாள்லல்லாம் அது எங்களுக்கு முன்னாடி ஏறி உக்காந்திருக்கும். 'வீட்ல மட்டும் சொல்லிடாதய்யா, அப்புறம் பாப்பாவ அனுப்ப மாட்டா'ன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாரு."

அப்பாவை ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கேயே நின்று அழுதேன்.