பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பித்தப்பைகள்

பித்தப்பை ஆராய்ச்சிப் பிரிவின் வேனை ஓட்டுபவருக்குப் பித்தப்பை கிடையாது. ஆறு வருடங்களுக்கு முன், லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது வலி தாங்காமல் அதே மருத்துவமனைக்கு வந்தார். எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த மூன்று கற்களையும் கேட்டு வாங்கி, ஒரு சின்ன பாட்டிலில் போட்டு ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்திருக்கிறார். புதிதாக ஏறுகிறவர்கள் என்னவென்று கேட்டால், "நான் பெத்த மூணு பிள்ளைங்க. சுகப்பிரசவம் இல்ல, ஆபரேஷன்" என்பார்.

ஆராய்ச்சிக்குச் சம்மதித்தவர்களை விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, மருத்துவமனையில் இறக்குவதுதான் அவர் வேலை. "வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

திங்கள், புதன் நகரத்துக்குள். செவ்வாய், வியாழன் பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒல்லியான தையற்காரர் ஒருவர் பசி மயக்கத்தில் சீட்டிலிருந்து அப்படியே சரிந்துவிட்டார். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அவரைத் தூக்கி உட்கார வைத்தார். அடுத்த தடவையிலிருந்து பாலத்தின் முனையில் இருக்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். "இல்லம்மா" என்பார்கள் எல்லோரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

ஏழு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு செவ்வாயன்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவே, ஒரு பெட்டி நிறைய காலி பாட்டில்களோடு முன் சீட்டில் ஏறினார். ஓட்டுநரின் மூத்த மகளைவிட இரண்டு வயது பெரியவர், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஆள் வேணாம்ணே. தண்ணி வேணும்."

"தண்ணியா?"

"அந்தப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி. அங்கேருந்து வர்றவங்க பித்தப்பை எல்லாம் காலையிலேயே சுருங்கிக் கிடக்கு. நூத்திப் பதினோரு பேருக்கு. இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் அப்படி இல்ல. தண்ணியிலதான் ஏதோ இருக்குன்னு நினைக்கிறேன்."

"சுருங்கினா என்னம்மா?"

"ராத்திரி முழுக்கச் சாப்பிடலன்னா, பித்தநீர் சேர்ந்து பை நிரம்பி இருக்கணும். கொழுப்பு உள்ளே போனாத்தான் அது சுருங்கும். கொஞ்சம் பால் போதும். அப்படி ஒழுங்கா சுருங்காத பையிலதான் கல்லு சேருதான்னு பாக்குறோம். இவங்க ஒண்ணுமே சாப்பிடாம வர்றாங்க, அப்பவும் சுருங்கி இருக்கு. அதான் புரியல."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"என்னண்ணே?"

"கியரு, ஒண்ணுமில்ல."

பாலத்தைத் தாண்டும்போது டீக்கடைக்காரர் வேனைப் பார்த்ததுமே எட்டு கிளாஸை வரிசையாக எடுத்து வைத்தார். ஓட்டுநர் நிற்கவில்லை. கடைக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"யாரு அது?"

"தெரிஞ்சவரு."

பதினோரு கிணறுகளில் தண்ணீர் எடுத்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியது. ஐந்தாவது கிணற்றடியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், "தண்ணி கெட்டுப் போச்சாமே, பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியலம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்தப் பெண் நிரப்பி வைத்திருந்த குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓட்டுநரின் செருப்பு வரை ஓடி வந்தது.

மீதிக் கிணறுகளில் ஓட்டுநர் யோசித்துக்கொண்டே தண்ணீர் இறைத்தார். சொன்னால் வேலை போகும். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு வண்டியை யார் நம்பிக் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் இந்த ஊரே தன் கிணற்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்.

திரும்பும்போது, பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார்.

"அம்மா, அந்தத் தண்ணியைக் கொட்டிடலாம். தப்பு தண்ணி மேல இல்ல, என் மேல."

தையற்காரரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா வெளியே டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால் டீயா?"

"ஆமாம்மா."

"ஆடையை எடுத்துட்டுப் போடுவாரா?"

"அந்தாளா? ஆடை இல்லாத டீயெல்லாம் டீயே இல்லம்பாரு."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் நூறு டாக்டருங்க முன்னாடி இதைப் பேசறதா இருந்தேண்ணே. தண்ணியைப் பத்தி."

"வேலையை விட்டு நிறுத்திடுவீங்களாம்மா?"

"முதல்ல வண்டியைத் திருப்புங்க. அந்தப் பொண்ணு கிட்டச் சொல்லணும்."

கிணற்றடியில் டாக்டரம்மா, "சந்தேகம் வந்த காரணமே தப்பும்மா. ஆனாலும் எடுத்த தண்ணியைச் சோதிச்சு முடிவைச் சொல்றேன்" என்றார். "அப்போ நான் கொட்டின குடம்?" என்றாள் அந்தப் பெண். ஓட்டுநர் கயிற்றை வாங்கி, தானே இறைத்து நிரப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை எட்டுப் பேரை டீ இல்லாமல் கூட்டி வந்தார். தையற்காரரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, வழி முழுக்க "முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் தையற்காரர். ஸ்கேன் எடுக்கும் பெண் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னாள்: "எட்டும் நிரம்பி இருக்கு டாக்டர்."

தண்ணீரிலும் குறை இல்லை என்று இரண்டு வாரத்தில் முடிவு வந்தது.

வேலை போகவில்லை. ஆனால் நூற்றுப் பதினோரு பேரையும் மறுபடி அழைத்து வர வேண்டும். "அவங்க உங்களைத் திட்டுவாங்க. திட்டு வாங்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. மாநாட்டில் பேசுவதை அவர் தள்ளி வைத்தார். படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: "டீ, காபி, பால் ஏதாவது குடித்தீர்களா?" தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஸ்கேன் என்றும் முடிவாயிற்று.

ஓட்டுநர் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கினார். நான்கு மாதத்தில் நூற்று நான்கு பேர் வந்தார்கள். மற்ற ஏழு பேர் கதவைத் திறக்கவில்லை.

இப்போதும் காலையில் வேன் டீக்கடையைத் தாண்டி நிற்காமல் போகும். மதியம் அவர்களை வீட்டில் விடப் போகும்போது நிற்கும்.

"காலையில கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிற. என் மேல என்ன கோபம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கோபம் இல்ல. உன் டீ ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்றார் ஓட்டுநர். "எட்டு கிளாஸ் போடு. ஆடையோட."