மாடி வீட்டுக்காரரின் பிளாக்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவரைச் சொல்கிறேன். ஒல்லியான மனிதர். சட்டைப்பை நிறைய பஸ் டிக்கெட்டுகள் இருக்கும். குருவிகுளம், பனவடலிசத்திரம் என்று போய்ப் புஞ்சைகளைப் பார்த்துவிட்டு வந்து, நெட்டில் பிளாக் எழுதுவார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டுவார். கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் புஞ்சை தெரியும். உளுந்து காய்கிறது என்றால் யாருடைய உளுந்து என்று பெயர் சொல்லாமல் அவர் எழுத மாட்டார்.

அப்புறம் மூன்று மாதம் மாடியை விட்டே இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் வந்து வாசித்தார். "குருவிகுளம் வட்டாரத்தில் உளுந்து செழித்து, விவசாயிகள் மகிழ்ச்சியில் திளைக்கிறார்கள்."

"நிறுத்தும் வே. இது நீரு எழுதுனது இல்ல. யாரு புஞ்சைன்னு ஒரு பேரு கூட இல்லையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏஐ ஏஜென்ட்னு ஒண்ணு வச்சிருக்கேன் ஆச்சி. அதுவே எழுதி, எம்பேர்ல அதுவே போட்டுருது. யாராச்சும் கண்டுபிடிக்காங்களான்னு பாத்தேன்."

"அதான் நான் கண்டுபிடிச்சிட்டேன்லா?"

"நீங்க ஒருத்திதான் ஆச்சி. படிக்கிறவங்க எல்லாம் முன்னவிட நல்லாருக்குன்னுல்லா சொல்லுதாங்க."

"அத அணைச்சுப்போட்டு நீரே எழுதும்."

"யாருக்கு?"

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத வாய், வரவில்லை. அந்த மாதமே அவர் காலி செய்துகொண்டு ராயகிரிப் பக்கம் போய்விட்டார். அவர் பெயரில் இன்றும் தினம் ஒன்று வருகிறதாம். வாசித்துக் காட்டச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை.