கோழிக்குச் சொன்ன மருந்து விலை

கலியாணம் முடித்து ஆரையம்பதியில் மனைவி வீட்டில் குடியிருந்த முதல் ஏழு வருடத்தில், மாமி ஒருநாளும் என் முகம் பார்த்துப் பேசியதில்லை. மருமகனோடு நேரே பேசுவது மரியாதையில்லை என்பது அவர் பிடிவாதம். மகள் பக்கத்தில் நின்றால் அவளிடம் சொல்வார். அவள் இல்லாவிட்டால் முற்றத்துக் கோழியிடம். "கோழி, தேத்தண்ணி மேசையில இருக்கு" என்று குரல் கேட்டால் நான் போய்க் குடிப்பேன்.

எழுபதுகளின் நடுவில் மாமிக்குப் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், வந்தது. மாதாமாதம் நகரத்து மருந்துக் கடையில் குளிசை வாங்கி வருவேன். வாத்தியார் சம்பளத்தில் அது கையைக் கடித்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. யாரோ அவரிடம் விலையைச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஒருநாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். மனைவி அவருடைய வெற்றிலைத் தட்டத்தைக் கிளறினால், பாக்குக்கு அடியில் பதினைந்து குளிசை! ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார், என் காசை மிச்சம் பிடிக்க.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உண்மையில் அது பயம். டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்தார். கம்பெனி வைத்த பெயரை விட்டு, மருந்தின் சொந்தப் பெயரையே எழுதித் தரும் வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது.

"அதே மருந்துதான் மாஸ்டர். விலை கால்வாசிதான் வரும்" என்று புது மருந்துத் துண்டு எழுதித் தந்தார்.

கடைக்காரர் கேட்ட விலையை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டு வாங்கினேன்.

பஸ்ஸால் இறங்கி ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தால், மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். மாமி குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. முற்றத்தில் நின்று நானும் கோழியைக் கூப்பிட்டேன்.

"கோழி! குளிசை விலை கால்வாசியாக் குறைஞ்சிட்டுது! அதே மருந்துதான். இனி ஒவ்வொரு நாளும் போடணும். ஒருநாள் விட்டாலும் நான் இந்த வீட்டில சோறு தின்ன மாட்டன்!"

கோழி என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.  பிறகு மாமி சேலைத் தலைப்பில் கை துடைத்தபடி வாசலுக்கு வந்து, நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கோழிய ஏன் மகன் ஏசுறீங்க? குளிசைய இங்க தாங்க. நான் போடுறன்."

தண்ணீர் எடுக்கச் செம்போடு ஓடினேன். சந்தோஷத்தில் பாதியைச் சிந்திவிட்டேன்.