மெட்டிப் படத்துக்கு ஓர் எல்போ

என் மனைவி அதற்கு வைத்த பெயர் எல்போ. குழாய் ரிப்பேர் செய்பவர்கள் பைப்பை மூலையில் திருப்புவதற்கு முழங்கை மாதிரி வளைந்த ஒரு துண்டு வைத்திருப்பார்களே, அதைச் சொல்கிறாள். ரைட் ஆங்கிள் ஃபைண்டர் என்று நான் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வீட்டில் எல்போ, சொந்தக்காரர்கள் மத்தியில் எல்போ, இப்போது சம்பந்தி வீட்டிலும் எல்போதான்.

சமாசாரம் சிறியது. என்னுடைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் முதுகில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை உண்டு. கேமராவைத் தரையோடு தாழ்த்திப் படம் எடுக்க வேண்டுமென்றால் அந்தத் துளையில் கண் வைக்க நாமும் தரையோடு படுக்க வேண்டும். இந்த வளைந்த கருவியைத் துளையில் மாட்டிவிட்டால் படுக்க வேண்டியதில்லை. உட்கார்ந்துகொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல மேலிருந்து குனிந்தால் போதும். கேமராவுக்கு எதிரே இருப்பது நமக்குக் கீழே தெரியும்.

நான் திருத்தணியில் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்த நாளில் மலைமேல் முருகன் கோயில் மண்டபங்களில் எந்தத் தூணோரம் நின்றாலும் யாராவது ஒருவருடைய கல்யாணத்துக்குள்தான் நிற்போம். இந்தப் பக்கம் ஒரு தமிழ்க் கல்யாணம், அந்தப் பக்கம் நகரியிலிருந்து வந்த தெலுங்குக் கல்யாணம். நடுவில் நிற்பவன் தலையில் இரண்டு அட்சதையும் விழும். தாலி கட்டும் படத்தை எல்லாரும்தான் எடுக்கிறார்கள், மாப்பிள்ளையின் தம்பிகூடப் போனில் எடுத்துவிடுகிறான். என் பெயர் சொல்வது மெட்டிப் படம். பெண் அம்மிமேல் கால் வைப்பாள், மாப்பிள்ளை குனிந்து அவள் விரலில் மெட்டி போடுவான். நின்றுகொண்டு எடுத்தால் மாப்பிள்ளையின் முதுகுதான் வரும். தரையில் படுத்து எடுத்தால் அம்மி, கால், மெட்டி, அதைப் பிடித்திருக்கும் நடுங்கும் விரல்கள் எல்லாம் வரும். அந்த மண்டபங்களில் மேடை கிடையாது, கல் தரைதான். அந்தத் தரையில் நான் படுத்துப் புரண்டதற்கு அங்கப்பிரதட்சணம் செய்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் வழக்கம்போலப் படுத்தேன். படம் எடுத்தேன். எழ முடியவில்லை. இரண்டு முழங்காலும் வர மறுத்துவிட்டன. பெண்ணின் தாய்மாமன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கை கொடுத்து, உற்சவமூர்த்தியைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். யாரோ புண்ணியவான் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அன்றைக்கு மணப்பெண்ணைவிட என்னைத்தான் அதிகம் பேர் பார்த்திருப்பார்கள்.

அதே மாதம்தான் என் மகளுக்கு வரன் அமைந்தது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்டூடியோவில் ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரான் வீட்டுப் பெண்களின் கால்களையெல்லாம் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்கும் நீதான் எடுக்கணும் நைனா" என்பாள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது. ஆங், எடுக்கிறேன் என்று நானும் சொல்லிவைத்தேன். அப்போது முழங்காலைக் கேட்டுக்கொண்டா வாக்குக் கொடுப்போம்?

கல்யாணப் படங்களுக்கு அரக்கோணத்திலிருந்து என் நண்பர் ஒருவரை ஏற்பாடு செய்தேன். நல்ல படப்பிடிப்பாளர், கை சுத்தம். ஆனால் மெட்டிப் படம் மட்டும் நான்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்.

"பட்டு வேட்டி கட்டிகினு நீங்க தரையில வுழுந்து கெடந்தீங்கன்னா, நான் பாட்டுக்கு எறங்கி வூட்டுக்குப் போயிடுவேன். பொண்ணு வூட்டுக்காரரைத் தூக்கறதுக்கு நாலு ஆளு வெக்க முடியாது."

நியாயம்தான். மகளும் நண்பரும் சேர்ந்துகொண்டு, திரையை வெளியே மடக்கித் திருப்புகிற புதுக் கேமரா வாங்கு என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. துளையில் கண் வைத்தால் உலகத்தில் அந்தப் படம் மட்டும்தான் இருக்கும். திரையைப் பார்த்து எடுத்தால் பக்கத்தில் பந்திக்குப் போகிற கூட்டமும் தெரியும். இரண்டும் ஒன்றா? கேமராவைக் கும்பிடு போடுவதுபோல முன்னால் நீட்டிப் பிடித்து நான் இதுவரை படம் எடுத்ததில்லை, இனியும் எடுப்பதாக இல்லை. தேடினேன். எல்போ கிடைத்தது.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். பெட்டியோடு பல்செட்டு மாதிரி ஒரு பை நிறைய சின்னச் சின்னச் சட்டங்கள் வந்தன, எந்தக் கேமராவுக்கு எது பொருந்துமோ அதைப் போட்டுக்கொள்ளலாமாம். என் கேமராவின் கண் துளை வட்டம், வந்ததெல்லாம் சதுரம். ஒன்றைக் கயிறு கட்டி நிறுத்தி, மனைவியை உட்காரவைத்து, அவள் காலை அம்மிமேல் வைக்கச் சொல்லி ஒத்திகை பார்த்தேன். உள்ளே வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி போலிருக்கிறது, படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. நான் கேமராவை இடப்பக்கம் திருப்பினால் கால் எதிர்ப்பக்கம் ஓடியது. துரத்திக்கொண்டு போனால் அம்மியும் ஓடியது. கடைசியில் கிரைண்டர் மட்டும் பளிச்சென்று வந்தது.

மனைவி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்த மனுசன் கல்யாணத்தன்னிக்குக்கூட என் காலை இவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்று மகளிடம் சொன்னாள்.

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, நானும் மனைவியும் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். மணவூர் ஸ்டேஷன் தாண்டியது. அவள், "பொண்ணுக்கு அம்மையார்குப்பத்துல போய் அரைமணி நேரத்துல அத்தினி பொடவையும் எடுத்துகினு வந்தேன். அதுக்கே வாட்ச்சைப் பாத்தீங்க. இன்னிக்கு நான் பாக்கறேன்" என்றாள். உண்மையிலேயே கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கேமராக் கடைக்காரர் மரியாதையான ஆள். கண்ணாடி அலமாரியைத் திறந்துகொண்டே, "பூச்சி எடுக்கறீங்களா சார், நட்சத்திரம் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். இதை வாங்குகிறவர்கள் அந்த இரண்டு ஜாதிதானாம்.

"காலுங்க" என்றேன்.

"காலா?"

"ஆங். பொண்ணுங்க காலு."

அவர் அலமாரியைத் திறந்தது திறந்தபடியே நின்றார். மனைவிதான் முன்னால் வந்து, "மெட்டிங்க, மெட்டி. கல்யாணத்துல போடுவாங்களே, அதைப் படம் புடிக்கறவரு" என்று என் மானத்தைக் காப்பாற்றினாள். ரயிலில் திரும்பும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைக்காரர் வரிசையாக எடுத்துவைத்தார். ஒன்று என் கேமராவில் இறுக்கமாக உட்கார்ந்தது, ஆனால் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் படத்தின் நான்கு மூலையும் வெட்டுப்பட்டது. இன்னொன்றில் மூலைகள் தெரிந்தன, திருப்பினால் நின்ற இடத்தில் நிற்காமல் தொங்கியது. கடைசியாக வந்ததில் முக்கோணக் கண்ணாடிக் கட்டி வைத்திருந்ததால் இடம் இடமாக, வலம் வலமாகவே தெரிந்தது. பக்கவாட்டில் நெம்பு மாதிரி ஒரு சின்னப் பிடி. அதைத் தள்ளினால் நடுப்பகுதி மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், கூர்மை சரிபார்த்துக்கொள்ளலாம். மேலே ஒரு வளையம். அதைத் திருகினால் நம் கண் பவருக்குத் தக்கபடி தெளிவாகும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடலாம். கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, கேமராவைக் குட்டை முக்காலியில் தரையோரம் வைத்துக் குனிந்து பார்த்தேன். மனைவியின் கால் தெரிந்தது. பழைய வெள்ளி மெட்டி, பக்கத்தில் ரயில் நிலையத்தில் மிதித்த சேறு. எல்லாம் துல்லியம். முழங்காலுக்கு ஒரு வேலையும் இல்லை, இடுப்பு மட்டும் குனிந்தால் போதும்.

"எப்பிடி?" என்றாள்.

"நல்லா தெரியுது. கால் கழுவணும்."

நான் தேர்ந்தெடுத்த லட்சணத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. மூட்டு, மூக்குக்கண்ணாடி, வட்டத் துளை, பட்டு வேட்டி என்று எதையும் விடாமல் யோசித்து வாங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முகூர்த்தத்தன்று மலைமேல் கூட்டம் நெரிந்தது. கன்னிகாதானம் ஆயிற்று, தாலி ஆயிற்று. அதுவரை நான் பெண்ணின் தகப்பன். அம்மியைக் கொண்டுவந்து வைத்ததும் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேமராவைத் தரையோரம் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, எல்போவுக்குள் குனிந்தேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. நம் ஜனங்கள் படம் எடுக்கும்போது லென்ஸைப் பார்க்க மாட்டார்கள், எடுக்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே எடுக்கிறவன் முகம் தரையைப் பார்க்கிறது. கண்ணாடி போடாத ஒரு மனிதன், பெண்ணின் தகப்பன், அம்மியோரம் உட்கார்ந்து தரையை உற்றுப் பார்க்கிறான். மெட்டி போடுகிற நேரம். இதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"ஐயயோ, மெட்டி வுழுந்துட்ச்சிப்பா!" என்றார் என் மைத்துனர்.

அவ்வளவுதான். பூவைக் கிளறுகிறார்கள், அட்சதையைத் தள்ளுகிறார்கள், பாயைத் தூக்கி உதறுகிறார்கள். "காலை நவுத்து, காலை நவுத்து" என்று ஒரு சத்தம். பக்கத்துத் தெலுங்குக் கல்யாணத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவர்களும் தேடினார்கள், எதைத் தேடுகிறோம் என்று கேட்கக்கூட இல்லை. எனக்கு எல்போவுக்குள் கைகளாகத் தெரிந்தது. "வுழலைங்க, வுழலைங்க" என்று நான் குனிந்தபடியே சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் மூடியிருந்த கையை விரித்து, "மாமா, இங்கதான் இருக்குது" என்று மெட்டியைக் காட்டினார். அவரும் அதுவரை தேடிக்கொண்டுதான் இருந்தார்.

மண்டபமே சிரித்தது. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கல்யாணக் கோஷ்டி தூணோரம் வந்து நிற்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றார். மாப்பிள்ளை என் மகளின் காலைப் பிடித்துத் தூக்கி அம்மிமேல் வைத்தார். கூர்மை பார்க்க நான் நெம்பைத் தள்ளினேன். கால் பெரிதாக வந்தது. சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது. என் சுண்டுவிரலும் அப்படித்தான் மடங்கியிருக்கும். அவள் பிறந்த அன்று முதலில் பார்த்ததே அதைத்தான், பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் செருப்பைக் கழற்றி என் விரலையும் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களின் கால்களை எடுத்தாயிற்று, இது புகுந்த வீட்டுக்குப் போகப்போகிற கால் என்று ஒரு தடவையும் எனக்குத் தோன்றியதில்லை. அப்போது தோன்றியது.

திடீரென்று படம் மங்கிவிட்டது.

வளையத்தை ஒரு பக்கம் திருகினேன். சரியாகவில்லை. மறுபக்கம் திருகினேன். இன்னும் கலங்கியது. சனியன் பிடித்த கண்ணாடி, நேரம் பார்த்துக் காலை வாருகிறதே என்று வாய்க்குள் திட்டினேன். கை தன் பழக்கத்தில் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது, எனக்கு வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும்தான் தெரிந்தது. மறுபடி திருகினேன்.

"நைனா" என்று மேலே இருந்து மெதுவாக மகளின் குரல் வந்தது. "அதைத் திருவாத. கண்ணைத் தொடைச்சிக்க."

சாதாரணமாகக் கேமராவில் கண் வைத்து அழுதால் தண்ணீர் கன்னத்தில் இறங்கிப் போய்விடும், கேமரா முகத்தை மறைத்துக்கொள்ளும், ஒருவருக்கும் தெரியாது. இதில் குனிந்தல்லவா பார்க்கிறோம். கண்ணீர் நேராகக் கண்ணாடிமேல்தான் விழும். குளம் கட்டி நின்றிருந்தது. அங்கவஸ்திரத்தால் முதலில் கண்ணாடியைத் துடைத்தேன், பிறகு கண்ணை. அதற்குள் மெட்டி போட்டு முடிந்து, அவள் காலை எடுத்துவிட்டாள்.

போச்சு என்று நினைத்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது எதுவும் எனக்கு நினைவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் தனியாகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் துல்லியம். அந்த வளையம் என் கண்ணுக்கானது மட்டும்தான், லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படிக்காதவனுக்குக்கூட இது தெரியும், அந்த நேரத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மி, கால், மடங்கிய சுண்டுவிரல், மாப்பிள்ளையின் கை, அவள் விரலில் பாதி ஏறிய மெட்டி. அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"கேமராவுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிகினு இருந்திருக்குது. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

அரக்கோணத்து நண்பர் எடுத்ததெல்லாம் அடுத்த வாரம் வந்தது. அதில் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, என்னைக் கேட்காமலேயே கூடத்தில் மாட்டிவிட்டாள் மனைவி. எங்கள் வீட்டுச் சுவரில் நான் எடுக்காத படம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறார். எதிரே ஸ்டூலில் நான் எல்போவுக்குள் தலையைக் கவிழ்த்து, மும்முரமாக வளையத்தைத் திருகிக்கொண்டிருக்கிறேன். உறவுக்காரர்கள் எல்லாரும் மெட்டியைப் பார்க்கிறார்கள். என் மகள் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, மெட்டியையும் பார்க்கவில்லை. கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.