அக்கா கையெழுத்திட்ட பட்டியல்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவர்களுடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி அத்தான் என்னிடம் கேட்டு இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் ஒருநாள் அத்தான் தாராவியில் மளிகைக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மாட்டுங்காவில் நான் குடியிருக்கும் அறைக்கே வந்து நின்றார். "மாப்ள, ப்ரெஸ்காரன் ஆள் மேல ஆள் அனுப்புதான். நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாரும்வே" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஐந்தாவதாக எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்கப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அக்காவுக்கு ஒன்பது வயதும் எனக்கு இரண்டு வயதும் இருக்கும்போது, தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் பதனிடும் வேலைக்குச் சேர்ந்திருந்த அப்பா எங்களை பம்பாய்க்கு வரவழைத்தார். ரயிலில் வந்த தூரமெல்லாம் அக்காதான் என்னை இடுப்பில் வைத்திருந்தாராம். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தார். படிப்பு நின்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. அக்காவுக்கு உட்காரவே தெரியாது. சாப்பாடுகூட நின்றபடிதான். "ஏட்டி, சோத்துக்கு முன்னாலகூட உக்கார மாட்டியா?" என்று அம்மா திட்டாத நாள் இல்லை.

பக்கத்திலிருந்த பிரசவ ஆஸ்பத்திரியில், வலியில் துடிக்கும் தமிழ்ப் பெண்கள் சொல்வது டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை என்று, இரண்டு பக்கமும் பேச்சை எடுத்துச் சொல்ல ஒரு பெண்ணைத் தேடினார்கள். அக்கா போனார். பேச்சுச் சொல்லப் போனவர் வேலையையும் கற்றுக்கொண்டு, பரீட்சையும் எழுதி, நர்ஸாக வெளியே வந்தார். அன்றிலிருந்து தாராவிக்கு அவர் 'நர்ஸம்மா'. அத்தானை மணந்த பிறகும் வேலையை விடவில்லை. அத்தானும் விடச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அக்காவின் வேலை முறையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் வருவதற்கெல்லாம் அதுதான் காரணம். காய்ச்சல் கண்ட குடிசையின் வாசல் கட்டையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். மறுநாள் சுற்றுக்கு வரும்போது கோடு இருக்கும் வீட்டுக்குள் போவார். காய்ச்சல் விட்டதும் அவரே ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிடுவார். நோட்டுப் புத்தகம் கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. பெயரைக் கொடுத்தால் சர்க்கார் ஆட்கள் வந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் ஜனங்களுக்குப் பயம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பானைக்குப் பின்னால் மறைத்துவைத்த தாய்மார் உண்டு. "உங்க பேர எங்கயும் எழுத மாட்டேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் அவரை உள்ளே விட்டார்கள்.

யுத்தம் முடிந்து தேர்தல் வந்தபோது, பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்க, தொழிலாளர் பகுதியை அறிந்த ஒருவரைத் தேடிக் கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா முதலில் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சாக்கடையக் கட்டித் தருவியளா?" தோல் ஷாப்புகளின் கழிவுநீர் குடிசைகளுக்கு நடுவே திறந்தபடி ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் அது வீட்டுக்குள் வரும், பின்னாலேயே காய்ச்சல் வரும். அதைக் கல் வைத்துக் கட்டி மூட வேண்டும், ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் அரசியல். வந்தவர்கள் சரி என்றார்கள். தேர்தலில் அக்கா ஜெயித்தார். அவரை நம்பிய அந்தக் குடிசைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டே இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். சொத்தோ படிப்போ இருந்தவருக்குத்தான் அன்று ஓட்டு.

பம்பாய் சட்டசபையில் அக்கா பட்டது பெரிய பாடு. "நாள் முழுக்க உக்கார வச்சே கொல்லுதான் தம்பி. ஒருத்தன் பேசுதான், மத்தவன் தூங்குதான். இந்நேரம் நாலு வீடு பாத்திருப்பேன்" என்பார். சபை கலைந்ததும் அதே சேலையோடு தாராவிக்கு ஓடுவார். 'மெம்பரம்மா' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சாக்கடையைப் பற்றி எழுந்து எழுந்து கேட்டார். கடைசியில், எத்தனை வீட்டில் காய்ச்சல் என்று விவரம் எழுத்தில் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

அக்காவின் இங்கிலீஷ் கடிதங்களை எழுதியது நான். ஃபோர்ட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப் அடிக்கும் குமாஸ்தா வேலை எனக்கு. சட்டசபை உறுப்பினருக்கு நான் கடிதம் எழுதுவது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். ஆகவே அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம், அத்தானுக்குக்கூடத் தெரியாது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கோடு இருந்த வாசல்களையெல்லாம் காட்டினார். முப்பத்தொரு குடிசைகள். "தெருவும் எண்ணிக்கையும் போதும்ல. பேரு வேண்டாம்" என்றார்.

நான் பெயர்களைப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று ஒன்றரை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் இல்லாத ஸ்டேட்மெண்ட்டை எங்கள் ஹெட்கிளார்க் மேஜைக்கு மேலேயே வைக்கவிடமாட்டார். அந்தப் பழக்கம் ஒன்று. இன்னொன்று, கர்வம். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், எந்த இடம், எத்தனை நாள் காய்ச்சல் என்று பத்தி பிரித்து அடித்த அந்தத் தாள் அவ்வளவு அழகாக இருந்தது. நான் அந்தத் தெருக்களில் வளர்ந்தவன், பெயர்கள் யாரையும் கேட்காமலே எனக்குத் தெரியும். "வாசிச்சுக் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டேன். ஒரு பிரசவத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றவர், "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

சுதந்திரம் வந்து நான்காவது மாதம் அந்தப் பட்டியல் திரும்பி வந்தது. சாக்கடையைக் கட்ட யாரும் வரவில்லை. தோல் ஷாப் முதலாளிகளோடு மோதுவதைவிடக் குடிசைகளைக் கிளப்புவது சுலபம் என்று எவரோ முடிவு செய்திருந்தார். இந்த வீடுகள் மனிதர் வாழத் தகுதியற்றவை, செம்பூரில் மாற்று இடம், காலி செய்க என்று உத்தரவு. வந்த ஆட்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "பேச்சியம்மா கோன் ஹை?" என்று, யார் பேச்சியம்மா என இந்தியில் கேட்ட குரலுக்கு வெளியே வந்த பேச்சியம்மாள், பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்துக் கேட்டாராம்: "எம் பேரு இவனுக்கு எப்படி நர்ஸம்மா தெரியும்?" ஓட்டுப் பட்டியலில் ஏறாத அந்தப் பெயர்களைச் சர்க்கார் காகிதத்தில் முதன்முதலாக ஏற்றியவன் நான்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். நேராக மாட்டுங்காவுக்கு வந்தார். கதவருகிலேயே நின்று, "நீயால பேரச் சேத்த?" என்றார்.

"ஆமாக்கா. பேரு இல்லன்னா திருப்பி அனுப்பிருவான்னு..."

"அனுப்பட்டுமே."

நான் அழுதேன். அக்கா அழவில்லை. "நா போயி எல்லார்ட்டயும் சொல்லிருதேன்" என்றேன்.

"சொன்னா உன் வேலை போவும். அவுக வீடு திரும்பி வருமா? கையெழுத்து என்னோடது. வாசிக்காம போட்டது நான். வாயத் தெறக்காத."

மறு வாரம் சட்டசபையில் எழுந்து, அந்தப் பட்டியல் தன்னுடையது, அதைக் கொடுத்தது தன் தவறு என்றும், அதைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். சபையில் சிலர் சிரித்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். உத்தரவு மாறவில்லை. முப்பத்தொரு குடும்பங்களும் சட்டி பானையோடு செம்பூர் போய், சேற்று நிலத்தில் தகரம் போட்டுக் குடியேறின. தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கிருந்து வந்துபோக முடியவில்லை. பலருக்கு வேலை போயிற்று. என் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா செம்பூருக்கும் சட்டசபைக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தார். குர்லாவில் வண்டி மாறி, இறங்கி நடந்து. ஒரு குழாய்க்காக எத்தனை வாசல் ஏறினார் என்று எனக்குத்தான் தெரியும், மனுக்களை அடித்தது நான் அல்லவா. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். குழாய் வந்தது. ஆனால் செம்பூரில் ஒரு வீடும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. "நம்ம பேர எழுதிக் குடுத்தவ" என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள்.

பேச்சியம்மாளின் மகளுக்குப் பிரசவ வலி கண்ட நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அக்கா தட்டவில்லை. வாசலில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்தது. உள்ளே சத்தம் மாறியபோது கதவு திறந்தது. "வாரும்" என்றார் பேச்சியம்மாள், முகத்தைப் பார்க்காமல். பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அக்கா கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பேச்சியம்மாள் பின்னாலேயே வந்தார். "எம் பேத்திய எடுத்துக் குடுத்திய, அதுக்குக் கும்பிடுதேன். பேர எழுத மாட்டேன்னு சொல்லிட்டு எழுதுனியள்லா, அத மட்டும் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்காதீய" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

நான் மூன்றடி தூரத்தில் பையோடு நின்றேன். வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன். அக்கா தடுத்ததால் மூடினேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் பார்க்காவிட்டாலும் மூடியிருப்பேன். எனக்கு வேலைமீது பயம்.

அந்த வருஷ மழையில்தான் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. எங்கோ ஒரு குடிசையில் வாங்கி வந்தது. படுக்கவைக்கவே அத்தானும் நானும் போராடவேண்டியிருந்தது. பதினெட்டாம் நாள், பதவிக் காலம் முடியாமலே, அக்கா போய்விட்டார். தாராவிச் சாக்கடை இன்னும் திறந்தபடிதான் ஓடுகிறது. இறுதி ஊர்வலத்துக்குத் தாராவியே வந்தது. செம்பூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. "இத்தனை செஞ்சும் வரலையே" என்று அத்தான் அழுதார். காரணம் தெரிந்த நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அக்கா படுக்கையில் இருந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிச் சகோதரிகளுக்கும், கடையைச் சாத்திவிட்டு இரவு பகலாக உடனிருந்த அத்தானின் நண்பர்களுக்கும், ஈமக் கடன்களுக்குக் கைகொடுத்த தாராவிப் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தான் இதை அச்சில்தான் முதன்முதலாகப் படிப்பார். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை, நேரில் கேட்பேன்.

அச்சகத்தார் கட்டுரையின் கீழே 'அன்புத் தம்பி' என்று போட்டால் போதும், சர்க்கார் வேலையில் இருப்பவர் பெயர் எதற்கு என்றார். பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு பேர் பெயரைக் கேட்காமல் போட்டவனுக்குத் தன் பெயரைப் போடுவதில் தயக்கம் இருக்கக் கூடாது.

பேச்சியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே மலர் அச்சாகி வந்த அன்றே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு செம்பூர் போகிறேன். கதவு சாத்தியிருந்தால் அந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். திறந்தால் உள்ளே போய் வாசிப்பேன். திறக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் எழுந்து நின்று, அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
பட்டியலை எழுதிய தம்பி
சு. ஆறுமுகம்