கட்டில் காலுக்கு வைத்த தண்ணீர்

என் கணவரின் தம்பி மனைவிக்குக் கனடாவிலிருந்து ஒரு நுளம்பு வலை வந்தது. குடை போல விரிகிற கொசுவலை. அதற்குள் அவளுடைய ஒரு வயது மகள் கையை விரித்துத் தூங்குவாள். ஒரே வளவில் எதிரெதிராக எங்கள் இரண்டு வீடுகள். என் மகனுக்கோ நுளம்புச் சுருளும் வேப்பிலைப் புகையும்தான். விடிந்தால் கன்னமெல்லாம் தடிப்பு.

எனக்கு வயிறு எரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்த வலையைப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தார்கள். மருதனார்மடம் சந்தையடியில் ஒரு கடையில் சாதாரண வலை இருந்தது. வாங்கினால் அவளைப் பார்த்து வாங்கினேன் என்று ஆகிவிடும். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஒருநாள் வலைக்குள்ளேயே அவள் பிள்ளையை எறும்பு கடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்றே, சமையலறை அலுமாரிக்கு வைப்பதுபோல, மகனின் கட்டில் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய மாஜரீன் டப்பாக்களில் நிறுத்தினேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன்.

"பாரும் பிள்ளை, இனி ஒரு எறும்பு ஏறாது."

"நல்ல யோசனை அக்கா. எனக்கு உது தெரியேல்லையே."

அடுத்த நாள் அவள் மகளின் கட்டிலுக்குக் கீழேயும் நான்கு டப்பாக்கள். என்னைப் பார்த்து அவள் செய்துவிட்டாள்! அந்தப் பெருமையில் தினமும் என் டப்பாக்களை நிரப்பினேன். ஒருநாளாவது பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை.

ஒன்றரை மாதத்தில் அவள் மகளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் பிள்ளை சுருண்டு கிடந்தபோதும், வலை இருந்தும் வந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்தார். டப்பாத் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் புழுப் புழுவாக நெளிந்தன.

"உந்த நுளம்பு பகலிலைதான் கடிக்கும். பிள்ளை வலைக்கு வெளியாலை நிக்கிற நேரம்," என்றார். "ஆர் உதை வைக்கச் சொன்னது?"

நான் வாசலில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் வைச்சனான்."

என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் கட்டாயம் காட்டிக்கொடுத்திருப்பேன். பிள்ளை சாகக் கிடந்தது என்னால்தான் என்று தெரிந்தும் அவளுக்கு அந்த மனம் வந்ததே என்று, அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"அங்காலை வீட்டிலையும் சின்னப்பிள்ளை இருக்கோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம்," என்றேன். என் மகன் நான் டப்பாக்கள் வைத்த அந்தக் கட்டிலில்தான் மத்தியானத் தூக்கத்தில் கிடந்தான். வலைகூட இல்லாமல்.