தாலி ஆயருக்கு வழி

மலேசியா போய்வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே மாதிரிப் படங்களைத்தான் காட்டுகிறார்கள். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு சிரிப்பு, பெரிய முருகன் சிலைக்குக் கீழே நின்று ஒரு சிரிப்பு. போன மாதம் என் தம்பி மகனும் வந்து காட்டினான். "நீங்களும் ஒரு தடவை போய்ட்டு வாங்க அத்தை" என்று உபதேசம் வேறு. நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே போய்ட்டு வந்தவடா நான் என்றேன். எந்த ஊருக்கு என்று கேட்டான். பாரிட் புந்தார், பாகான் செராய், குவாலா குராவ் என்றேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்க பார்க்கிறதுக்கு என்ன அத்தை இருக்கு?" என்றான். வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்காலில் அப்போது உன் மாமா இருந்தார் என்றேன்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்காரே பதிவு செய்துகொள்ளும், பதிவாகிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. கரைவேட்டிக்காரர்கள் மைக் கட்டிச் சொன்னார்கள். சிவப்புக் கொடிக்காரர்கள் வீடு வீடாக வந்து சொன்னார்கள். எங்களுக்கு நாகப்பட்டினத்துக்குப் பக்கம் கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். ஆற்றில் வருகிற தண்ணீர் ஊரையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களைக் கடைசியாக எட்டிப் பார்க்கும்.

குத்தகை என் புருஷன் பேரில், வாய்ப்பேச்சாக. ஆனால் புருஷன் ஊரில் இல்லை. சில வருஷத்துக்கு முன்பே ஒரு தண்ணீர்த் தகராறில் மிராசுதாரின் காரியக்காரரைத் தூக்கிச் சேற்றில் போட்டுவிட்டு, போலீஸ் வருவதற்குள் மலேசியாவுக்குக் கப்பலேறிவிட்டார் மனுஷன். போலீஸ் வரவே இல்லை. சேற்றில் குப்புற விழுந்ததை எழுதிக் கொடுக்கக் காரியக்காரருக்கு வெட்கம். இதை நான் அந்தப் பக்கம் போகிற பல பேரிடம் சொல்லியனுப்பியும் இவர் வரவில்லை. அன்றிலிருந்து உழவு, நடவு, அறுப்பு, ராக்காவல் எல்லாம் என் தலையில்தான்.

பதிவுக்கு மனு கொடுத்ததும் காரியக்காரர் தாசில்தாரிடம் ஒரே போடாகப் போட்டார். "குத்தகைக்காரன் கப்பலேறிட்டான்ங்க. ஆளே இல்லாத குத்தகைக்கு என்னங்க பதிவு?" தாசில்தார் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தை முடியறதுக்குள்ள ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்க, இல்லேன்னா தள்ளுபடி" என்று சொல்லிவிட்டார். தள்ளுபடி என்றால் ஆறு மாவும் போச்சு. எனக்கு அன்று வயிறு எரிந்த எரிச்சலில் உலையே வைத்திருக்கலாம்.

ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டாமா? நாகூரிலிருந்து பினாங்கு போய்வருகிற துணி வியாபாரி பாய் ஒருவர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் தாலி ஆயர்ல இருக்காரும்மா. பாரிட் புந்தார் பக்கம்."

என் நாத்தனார், அதாவது புருஷனுடைய அக்கா, நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஊரு பேரே தாலியா! போச்சுடி. எவளுக்கோ கட்டிட்டான் பாவி."

"அண்ணி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"நானும் வர்றேன். அவளை ஒரு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

பாஸ்போர்ட் வாங்கியது தனிக் கதை, அதை விடுங்கள். கப்பலில் நாத்தனார் வாந்தி எடுக்காத நேரத்தில் அந்த 'அவளை'த் திட்டிக்கொண்டு வந்தார், திட்டாத நேரத்தில் வாந்தி எடுத்தார். பினாங்கில் இறங்கி, படகில் அக்கரை போய், பஸ் பிடித்துப் பாரிட் புந்தார் வந்தோம். வழியெல்லாம் நெல் வயல். இத்தனை தூரம் கடல் தாண்டி வந்ததும் இதைப் பார்க்கத்தானா என்று எனக்கு அலுப்பாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு மலாய்க்காரர் கடையில், "தாலி ஆயர்?" என்று கேட்டேன். அவர் ஏதோ திருப்பிக் கேட்டார். அதில் எனக்குப் புரிந்தது "தாலி" மட்டும்தான். புருஷனைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொல்லத் தெரியாமல், தாலிச் சரட்டை எடுத்துக் காட்டி "தாலி, தாலி" என்றேன். மனுஷர் சரட்டை உற்றுப் பார்த்தார். தலையாட்டிவிட்டு உள்ளே போய், நல்ல கெட்டியான கயிறு ஒரு சுருள் கொண்டுவந்து வைத்தார்.

நாத்தனார் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னடி இது, தூக்கு மாட்டிக்கச் சொல்றானா?"

அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டோம். அவர் சந்தோஷமாக ஒரு வாய்க்கால் ஓரத்தில் இறக்கிவிட்டு, கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஊரும் இல்லை, ஆளும் இல்லை, நாரை நின்றது. வேறொரு பஸ் குவாலா குராவில் கொண்டுபோய் விட்டது. மீன்பிடி படகுகள், கருவாட்டு வாசனை. சட்டென்று நாகப்பட்டினத்திலேயே நிற்கிறோமோ என்று தோன்றிவிட்டது. அங்கே கேட்டாலும் இன்னொரு வாய்க்காலைத்தான் காட்டினார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டு எங்களைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கடைசியில் பாகான் செராயில் ஒரு தமிழம்மா டீக்கடை கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு.

"தாலின்னா இவங்க பாஷையில கயிறும்மா. ஆயர்னா தண்ணி. தாலி ஆயர்னா பாசன வாய்க்கால். இந்தப் பக்கம் பூரா அதுதான். நீங்க எந்த வாய்க்காலைக் கேக்கறீங்க?"

தஞ்சாவூர் ஜில்லாவில் வந்து இறங்கி, 'வாய்க்காலுக்கு எப்படிப் போகணும்' என்று ஒருத்தர் கேட்ட மாதிரி ஊர் ஊராகக் கேட்டிருக்கிறோம். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் தேடுவது? யோசித்தேன். வாய்க்கால் ஆயிரம் இருக்கட்டும். தண்ணீர் சுகமாகப் பாய்கிற இடத்தில் இந்த மனுஷன் இருக்க மாட்டார். அவர் ராசி அப்படி.

"இங்க தண்ணி சரியா ஏறாத கடைமடை எதும்மா?" என்று கேட்டேன். அந்தம்மாள் வழி சொன்னார்.

வரப்பில் நடந்து போகும்போதே சத்தம் கேட்டது.

"எவன்டா என் மடையை அடைச்சது? கட்டையில போறவனே!"

சாட்சாத் எங்கள் வீட்டுக்காரர் குரல். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு இவர் தமிழில் கத்த, எதிர்க்கரையில் ஒரு மலாய்ப் பெரியவர் மலாயில் கத்த, இரண்டு பேருக்கும் எல்லாம் அட்சரசுத்தமாகப் புரிந்துகொண்டிருந்தது. இவர் இடுப்பில் சிவப்புப் பூப்போட்ட கைலி.

"பார்த்தியாடி, அவ துணியை!" என்றார் நாத்தனார்.

சத்தம் கேட்டு இவர் திரும்பினார். எங்களைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் வாய்க்காலைத் தாண்டி எடுத்தார் ஓட்டம்.

"டேய், நில்லுடா! ஒங்கக்காடா!"

"பின்னாடி போலீஸ் வருதா?" என்று ஓடிக்கொண்டே கேட்டார்.

பிடித்து வரப்பில் உட்காரவைத்து, புகாரே கிடையாது என்று நாத்தனார் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் நம்பினார். கைலியைப் பற்றிக் கேட்டதற்கு, சந்தையில் பிடித்திருந்தது, வாங்கினேன் என்றார். அது பெண்கள் உடுத்துவது என்று அந்த மலாய்ப் பெரியவர் ஜாடையில் விளக்கினார். இத்தனை வருஷமும் ஊரே அறிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. இவர் முதலில் சிரித்தார். அப்புறம் முகத்தை அந்தக் கைலியிலேயே பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் இருந்தது. இல்லாத போலீஸுக்குப் பயந்து என்னை இத்தனை காலம் தனியாக மாரடிக்க விட்டாரே என்று அங்கேயே நாலு கேள்வி கேட்டேன்.

திரும்பி வருகிற கப்பலில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். யார் உழுதது என்று கேட்டால், 'நான்தாங்க உழுதேன், நடுவுல ஒரு தடவை வெளியூர் போய்ட்டு வந்தேன்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காலையும் மாலையும் ஒப்பித்தார். நாத்தனார் தாசில்தாராக நடித்துக் கேள்வி கேட்டார்.

தாலுகா ஆபீஸில் காரியக்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டார். தாசில்தார் நிமிர்ந்து கேட்டார்: "இத்தனை வருஷமா அந்த நிலத்தை உழுதது யாருய்யா?"

இவர் வாயைத் திறந்தார். என் பக்கம் பார்த்தார். வாயை மூடினார். மறுபடி திறந்து, "இவதாங்க" என்றார்.

அட கடவுளே! இந்த ஒரு பொய்க்காகக் கடல் தாண்டிப் போய்ப் பிடித்து வந்தேனே, அதைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லையே. அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்திருப்பேன். காரியக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, அவனே ஒத்துக்கிட்டான். அவன் உழலையாம்" என்றார்.

தாசில்தார் அவர் பக்கம் திரும்பினார். "குத்தகை நெல்லை யாரு அளந்தா?"

காரியக்காரர் மேல்துண்டைச் சரிசெய்தார். "இந்தம்மாதான் அளப்பாங்க."

"வருஷா வருஷம் வாங்கிக்கிட்டீங்கள்ல?"

"வாங்கினோங்க."

தாசில்தார் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்போ குத்தகைக்காரி நீதானே. என்னம்மா நீ, இதை அன்னிக்கே சொல்லியிருந்தா மலேசியா வரைக்கும் போயிருக்க வேண்டாமே?"

"என்னை யாருங்க கேட்டீங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

தாசில்தார் குத்தகைப் பதிவேட்டை இழுத்து வைத்தார். பேனாவைத் திறந்துகொண்டு, "பேரைச் சொல்லும்மா" என்றார்.